மருந்து யாருக்கு?

(ஆரணியில் நெசவாளர் வீதி ஒன்றில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தைப் பற்றி இந்த ஊரில் மேடை போட்டு யாரும் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக் கொண்டு அழுகிறார்கள், தெருவிலே சிரிக்கிறார்கள். இந்த இரண்டும் நடக்கிறதே ஒழிய, யோசிப்பது என்பது நடப்பதில்லை. ஆண் என்று நாம் வளர்த்த பிள்ளை "நான் பெண்" என்கிறது. பெண் என்று வளர்த்தது "நான் ஆண்" என்கிறது. முன்னவரைத் திருநங்கை என்றும் பின்னவரைத் திருநம்பி என்றும் இன்று மரியாதையாகச் சொல்லுகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஆறுதலும் ஆலோசனையும் துணையும் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லி விடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் பட்டு நெய்யும் தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். தன் மகன் அக்காளின் தாவணியைக் கட்டிக் கொள்கிறான் என்று, முதலாளியிடம் முன்பணம் வாங்கி, மந்திரவாதியிடம் வேப்பிலை அடித்து, தாயத்துக் கட்டி, கடைசியில் கடன்தான் மிச்சம் என்று அழுதார். நான் மந்திரவாதியைத் திட்டித் தீர்த்தேன். "அந்தப் புரட்டனை விட்டுவிட்டு, டாக்டரிடம் அழைத்துப் போய்ச் சரி செய்யுங்கள்" என்றேன். பெரிய பகுத்தறிவு பேசிவிட்டதாக எனக்குள் பெருமை! வெளியூர் டாக்டர் ஒருவர் "ஆறு மாதத்தில் மாற்றி விடுகிறேன்" என்று ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். பிள்ளை தூங்கித் தூங்கி விழுந்ததே தவிர, மாறவில்லை. ஒருநாள் விடியுமுன் வீட்டை விட்டே போய்விட்டது. அந்த வீட்டில் தறி இன்றும் ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளிய கைதான் இல்லை. மகன் என்றேன், மகள் என்று சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

மந்திரவாதி விபூதி கொடுத்தான். நான் மாத்திரை கொடுக்கச் சொன்னேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நோயே இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பது, யார் கொடுத்தாலும் மூடநம்பிக்கைதான்.

நோயில்லை என்று நானாகச் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் அமுலுக்குக் கொண்டு வந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. நம் நாட்டு 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டமும், ஊரார் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப் போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

"அப்படியானால் டாக்டரே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். அடியும் ஏளனமும் பயமும் மனத்தைப் புண்ணாக்குகின்றன. அந்தப் புண்ணுக்குச் சிகிச்சை வேண்டும். ஆனால் புண் வேறு, பிள்ளை வேறு. புண்ணை ஆற்றுகிறவர் வைத்தியர். பிள்ளையை மாற்றுகிறேன் என்பவர் மந்திரவாதியின் தம்பி. ஆளை மாற்றாமல் ஆளுக்கு உதவுவது நேற்று வந்த யோசனையும் அல்ல. பெர்லினில் டாக்டர் ஹிர்ஷ்ஃபெல்டு 1919இல் ஏற்படுத்திய நிலையத்தில் இந்த உதவியும் நடந்தது. 1933 மே மாதத்தில் நாஜிகள்தாம் அதைச் சூறையாடிப் புத்தகங்களைக் கொளுத்தினார்கள்.

நிற்க, நம் சென்னை ஹைகோர்ட்டில் 2021இல் நடந்த சங்கதி ஒன்று. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள், பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களை மட்டுமல்ல, பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அதோடு நின்றாரா? "இந்த விஷயத்தில் எனக்கே தெளிவு போதாது" என்று ஒப்புக் கொண்டு, தாமே ஓர் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கற்றுக் கொண்டார்! ஜூன் 7ஆம் தேதி தீர்ப்பில், இப்படிப்பட்டவர்களையும் திருநங்கை, திருநம்பிகளையும் வைத்தியத்தால் மாற்ற முயலுவதைத் தடை செய்து, மீறுகிறவரின் லைசென்சைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சை தொழில் ஒழுக்கத்துக்கு விரோதமான குற்றம் என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதிற்று. ஹைகோர்ட் ஜட்ஜ் கற்றுக் கொள்வது கௌரவக் குறைவல்ல என்றால், நமக்கு மட்டும் என்ன வந்தது?

ஆகவே, ஆலோசகரிடம் போனால் முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தப் பிள்ளையை மாற்ற முடியுமா?" "முடியும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அதனிடமே கேட்போம்" என்றால் உட்காருங்கள். பிள்ளை தனியாகச் சொன்னதை உங்களிடம் சொல்லாவிட்டால் கோபிக்காதீர்கள். இரகசியம் காப்பது அவர் கடமை, சட்டமும் அதுவே.

வெளியே போகக் கூச்சமாயிருந்தால் 14416 என்ற சர்க்கார் டெலிபோன் இருக்கிறது; காசில்லை, தமிழிலேயே பேசலாம். சென்னை ராஜீவ் காந்தி சர்க்கார் ஆஸ்பத்திரியில் இவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 1998 முதல் 'சகோதரன்', 2003 முதல் 'ஓரினம்' என்ற அமைப்புகள் சென்னையில் வேலை செய்து வருகின்றன. இந்தியாவிலேயே முதன்முதலாக 2008இல் நம் மாகாணத்தில்தான் திருநங்கைகளுக்கு நல வாரியம் ஏற்பட்டது.

டாக்டர் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் இருப்பார். மற்ற நேரத்துக்குத் தன்னைப் போன்றவர்களின் கூட்டு வேண்டும். கூவாகத்தைப் பாருங்கள்! சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக் கொண்டு, மறுநாளே அறுத்து வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். கட்டின மறுநாளே தாலியறுக்கிற புராணத்தால் யாருக்கு என்ன லாபம்? ஆனாலும் எங்கெங்கிருந்தோ வருகிறார்களே, ஏன்? அங்கேதான் தன்னைப் போல ஆயிரம் பேரைப் பார்க்கிறார்கள். ஆறுதல் கொடுப்பது சாமியல்ல, கூட்டம். அதே கூட்டத்தைத் தாலியும் ஒப்பாரியும் இல்லாமல் இந்த ஊரிலேயே ஏன் வைக்கக் கூடாது?

துரத்தப்பட்ட பிள்ளைக்குச் சோறு போட்டு "மகளே" என்றவர்கள் மூத்த திருநங்கைகள்தாம். நாம் செய்யாததை அவர்கள் செய்தார்கள். அங்கேயும் பெரியவருக்குச் சின்னவர் அடங்கிக் கிடக்கும் வழக்கம் உண்டு; ஆனால் அதைக் குறை சொல்லுகிற யோக்கியதை, கதவைச் சாத்திய நமக்கு இல்லை. திருநம்பிகளுக்கோ அந்தப் புகலிடமும் அரிது. வீட்டிலேயே பூட்டிக் கலியாணம் செய்து வைத்து விடுகிறோம்.

தாய்மார்களே! உங்களில் நாலு பேர் மாதம் ஒருநாள் நம் படிப்பகத்தில் கூடுங்கள். "என் வீட்டிலும் இப்படி" என்று ஒருத்தி வாய் திறந்தால், அடுத்தவளுக்குத் தைரியம் வரும். அந்தப் பிள்ளைகளும் வந்து உட்காரட்டும். தோழர்களே! தெருவில் ஓர் எண்ணைச் சொல்லி ஏளனம் செய்கிறவனை அந்த இடத்திலேயே கேளுங்கள். இதற்குப் பட்டமும் பணமும் வேண்டாம்.

நான் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம். முன்பு நான் சொன்னதை நம்பித்தான் ஒரு வீடு கெட்டது. உங்கள் அறிவைக் கொண்டு யோசியுங்கள். மருந்து பிள்ளைக்கல்ல, நமக்குத்தான் என்று பட்டால், இன்றிரவே வீட்டுக்குப் போய், அது எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுகிறதோ, அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.