சும்மா ஒரு சுற்று

(மகளிர் தினத்தையொட்டி நடந்த நம் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், செயற்குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொதுக்குழு என்றாலே சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்றுதான் பேசுவோம். வரவு செலவு அறிக்கையைக் காலையிலேயே படித்து ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் மீதி இருக்கிற இந்த அரை மணி நேரத்தில் வேறொரு விஷயம் பேச உங்களிடம் அனுமதி கேட்கிறோம். விஷயம் சைக்கிள்.

"சைக்கிள்ல பேச என்ன இருக்கு?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்கிற விஷயம்தான் இது. நாங்கள் பேசப்போவது வேலைக்குப் போகிற சைக்கிளைப் பற்றி அல்ல. ரேஷன் கடைக்கு, தண்ணிக்கு, புல்லுக்கட்டுக்கு ஓட்டுகிற சைக்கிளைப் பற்றியும் அல்ல. ஒரு காரணமும் இல்லாமல், நாலு பேர் சேர்ந்து, சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிற சைக்கிளைப் பற்றி.

நம் வீட்டு ஆண்கள் சாயங்காலம் டீக்கடைக்குப் போகிறார்கள். ஆலமரத்தடியில் உட்காருகிறார்கள். "எங்கே போறீங்க?" என்று கேட்டால் "சும்மாதான்" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஒரு பெண் தெருவில் இறங்கினால் கையில் குடமோ பையோ பிள்ளையோ இருக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் நாலு வீட்டு வாசலில் பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவழிக்கிறாள் என்று அது சொல்கிறது. வீட்டு வேலை செய்கிற ஆண் 88 நிமிடம். நமக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம், அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். வயல் வேலையும் கூலி வேலையும் இதில் சேராது. இதற்கு நடுவில் "சும்மா" என்பதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

சகோதரிகளே, பெண்களும் சைக்கிளும் என்று பேசினால் புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்து கற்றுக்கொடுத்ததோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் அதிகாரி. விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், கிராம செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலமாக வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதும்போது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளுக்கு வந்ததாகக் குறிப்பிடுகிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனதால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்பக்கம் இருக்கிற கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கினவர்களும் உண்டு.

அன்றைக்கும் கேலி இருந்தது. தெருவில் கூசுகிற மாதிரி பேச்சு இருந்தது. ஆனால் ஒருத்தி தனியாகப் போனால்தான் கேலி கிளம்பும். ஐம்பது பேர் சேர்ந்து போனால் கேலி பேசுகிறவன் ஓரமாக ஒதுங்கி வழி விடுவான். நம் குழுவும் அப்படி ஆரம்பித்ததுதானே? பேங்க் வாசலில் தனியாக நின்றபோது நம்மை யார் உள்ளே கூப்பிட்டார்கள்? பன்னிரண்டு பேர் சேர்ந்து போனபிறகுதான் நாற்காலி போட்டார்கள்.

இனி கடல் கடந்து ஒரு ஊருக்குப் போவோம். துருக்கி நாட்டில் இஸ்மிர் என்று ஒரு பெரிய கடற்கரை நகரம். 2013-ல் அங்கே செமா கூர் என்ற ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். செப்டம்பர் 22-ஐ உலகம் முழுவதும் கார் இல்லா நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாம் தங்களுக்குப் பிடித்த நல்ல உடுப்பு உடுத்தி, பூ வைத்து, சைக்கிளையும் பூவால் அலங்கரித்து நகரத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று வருவோம் என்றார். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, வேகமும் கிடையாது. சைக்கிள் ஓட்ட விளையாட்டு வீராங்கனை மாதிரி உடை போடவேண்டியதில்லை, நாம் நாமாகவே ஓட்டலாம் என்பதுதான் விஷயம். ஒரு நகரத்தில் தொடங்கியது இன்று பல நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பரவியிருக்கிறது. அந்தப் பெண்கள் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்த் தெருவில் பயமில்லாமல், எங்கள் இஷ்டப்படி, எங்கள் வேகத்தில் போக இடம் வேண்டும் என்கிறார்கள்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோடா. அங்கே 1974 டிசம்பரில் சைக்கிள் பிரியர்கள் சிலர் சேர்ந்து, முக்கியமான சாலைகளில் சில மணி நேரம் கார்களை நிறுத்தச் சொல்லி, சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பின்னால் நகர நிர்வாகமே அதை எடுத்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் காலை 7 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை, 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலையில் கார் ஓடாது. குழந்தை, தாத்தா, பாட்டி, நாய்க்குட்டி எல்லாம் ரோட்டில்தான். சைக்கிள் ஓட்டுகிறவர் ஓட்டுவார், நடக்கிறவர் நடப்பார். ஓரத்தில் பழச்சாறு விற்பார்கள், பஞ்சர் ஒட்டுவார்கள். பணக்காரரும் ஏழையும் ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில் போவது வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என்று அந்த ஊரைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இதெல்லாம் பெரிய ஊர்க் கதை, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதனால்தான் கடந்த இரண்டு மாதமாக நாமும் சின்னதாக ஒன்று செய்து பார்த்தோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணிக்கு, நம் டவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, கடைவீதி வழியாக, பெரிய ஏரிக்கரை வரை. போக வர 5 கிலோமீட்டர். முதல் மாதம் 11 பேர், இரண்டாவது மாதம் 16 பேர் வந்தார்கள். பாதிப் பேருக்குச் சொந்த சைக்கிள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறதே, அதைத்தான் கொண்டுவந்தார்கள். 52 வயது உறுப்பினர் ஒருவர் இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவ்வளவுதான்.

ஆனால் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. முதல் மாதம் வந்த ஒரு சகோதரி இரண்டாவது மாதம் வரவில்லை. ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். மாமியார்தான் பேசினார். கோபமாகப் பேசவில்லை. "கூட்டத்துக்குப் போறா, கடன் வாங்கிட்டு வர்றா, சரி. ஆட்டுக்கு தழை ஒடிக்கப் போறா, அதுவும் சரி. சைக்கிள்ல ஏரியைச் சுத்திட்டு வந்தாளே, என்னம்மா சம்பாதிச்சுட்டு வந்தா?" என்று கேட்டார்.

சகோதரிகளே, இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறோம். செயற்குழுவிலேயே இரண்டு பேர் இதையே வேறு வார்த்தையில் கேட்டார்கள். "நம்ம கூட்டமைப்பு சேமிப்புக்கும் கடனுக்கும் உள்ளது. விளையாட்டுக்கு எதுக்கு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம்.

ஒன்று, உடம்புக் கணக்கு. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நிதானமாக சைக்கிள் ஓட்டுவதும் அதில் சேரும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நம் குழுக்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மருந்துச் செலவுக்காக உள்கடன் கேட்கும் மனுக்களை நாம்தானே படிக்கிறோம்.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்த எங்களுக்கு மனசில்லை. ஏனென்றால் இதுவும் லாப நஷ்டக் கணக்குத்தான். பெண் எதைச் செய்தாலும் அதில் வீட்டுக்கு ஒரு வரவு இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். இரண்டாவது பதில் அந்தச் சகோதரி சொன்னதுதான். வாசல் வரை வழியனுப்ப வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "கல்யாணமாகி 14 வருஷமாச்சு. அந்த ஏரிக்கரைக்கு துணி துவைக்கப் போயிருக்கேன், புல்லறுக்கப் போயிருக்கேன். அன்னைக்குத்தான் ஏரியை நின்னு பார்த்தேன்."

அவர் இன்னும் திரும்பி வரவில்லை. வற்புறுத்தவும் மாட்டோம். மாமியாரையும் குறை சொல்ல மாட்டோம். அவரும் அந்த ஏரியை நின்று பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை இரண்டு பேரையும் கூப்பிடுவோம். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் ஷேர் ஆட்டோவில் ஏரிக்கரைக்கு வந்து டீ குடிக்கலாம். அதற்கும் தடை இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். தொடர்ந்து நடத்துவதாக இருந்தால் சில ஒழுங்குகள் வேண்டும்.

முன்னால் ஒருவர் போவார், அவரை யாரும் முந்தக்கூடாது. கடைசியில் ஒருவர் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. கடைசி வண்டியில் காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் சாமான், தண்ணீர், முதலுதவிப் பெட்டி இருக்கும். யார் ரொம்ப மெதுவாக வருகிறாரோ அவருடைய வேகம்தான் எல்லோருக்கும் வேகம். மெயின் ரோட்டில் இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். ரோட்டைக் கடக்கும்போது எல்லோரும் நின்று, சேர்ந்து கடக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே செல்போன் பேசக்கூடாது.

கிளம்புவதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, செயின் லொடலொடவென்று தொங்கவில்லையா. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும், இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். புடவை கட்டுகிறவர்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொள்ளுங்கள். செயினுக்கு மூடியும், பின் சக்கரத்துக்குப் புடவை சிக்காத தடுப்பும் உள்ள வண்டி நல்லது.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. சீட்டை நன்றாக இறக்கி, உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெடலை மறந்துவிடுங்கள். காலால் தரையை உந்தி உந்தி, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருள விடுங்கள். இரண்டு மூன்று நாளில் பேலன்ஸ் வந்துவிடும். அப்புறம் பெடலில் கால் வைத்தால் போதும். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆள் தேட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இதற்காகக் கூட்டமைப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்க மாட்டோம். சைக்கிள் வாங்கக் கடன் வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டோம். டீச் செலவு அவரவர் பொறுப்பு. பம்ப்பும் பஞ்சர் சாமானும் இருக்கிறவர்களிடம் இரவல் வாங்கிக்கொள்வோம். வராதவர்களுக்கு அபராதம் கிடையாது. கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அபராதம் உண்டு, அதில் மாற்றம் இல்லை!

இன்று இங்கே கை தூக்கி முடிவெடுக்க வேண்டாம் என்று நினைக்கிறோம். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநர் மூலம் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்றும் எழுதுங்கள். நேரமில்லையா, வீட்டில் விடவில்லையா, ரோடு பயமாக இருக்கிறதா, ஓட்டத் தெரியாதா? அந்தக் காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அடுத்து நாம் எதற்காகப் போராட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ரோட்டு விளக்கு என்றால் பேரூராட்சியில் மனு கொடுப்போம். ஓட்டத் தெரியாது என்றால் பள்ளி மைதானத்தில் பயிற்சி வைப்போம். வீட்டில் விடவில்லை என்றால், நாலு பேராகச் சேர்ந்து வந்து வீட்டில் பேசுவோம்.

அடுத்த சுற்று வருகிற மாதம் முதல் ஞாயிறு, காலை 6 மணி, பஸ் ஸ்டாண்ட். அன்று அடுப்பு பற்றவைக்க ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.