புத்தூரும் நிலாவரையும்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மிஷன் பாடசாலையிற் பயின்ற எம்மிடம் தேம்ஸ் நதி எங்கே கடலோடு கலக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். நிலாவரையின் நீர் எங்கிருந்து வருகிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டபோதோ விழித்து நின்றோம். அந்த வெட்கமே இவ்வுரைக்குக் காரணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் வருவோர் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி கடந்து புத்தூரை அடைவர். கிழக்கே உவர் வெளியும் கடல்நீரேரியும். மேற்கே செம்மண் தோட்டங்கள். சுன்னாகம் செல்லும் வீதியிலே நவக்கிரியில் நிலாவரை இருக்கிறது. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கினார் என்பது ஐதிகம். இதிலே போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்பதும் எல்லாரும் அறிந்த கதை. சிறு வயதில் அதனைப் பரீட்சிக்க ஆசைப்பட்டோம், தேசிக்காய்தான் கிடைக்கவில்லை! 1859 இல் வெளியான எமெர்சன் தெனன்றின் இலங்கை பற்றிய நூலிலும் இக்கிணறு இடம்பெற்றுள்ளது.

கதை இருக்கட்டும். எமது காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அதன் வெடிப்புகளாலும் குகைகளாலும் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆறில்லாத எமக்கு இதுவே பிரதான முதல்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதர் களைத்தால் கிணறும் இளைப்பாறியது. இயந்திரம் களைப்பதில்லை. அதனைப் பழிப்பது எமது நோக்கமன்று. வெங்காயமும் புகையிலையும் விளைவித்து எம்மைப் படிப்பித்தது அதுவே. ஆயினும் பசளையின் நைத்திரேற்றும் மலகூடக் குழிகளின் கழிவும் குடாநாட்டுக் கிணறுகளிற் கலப்பதை ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றனர்.

அயலூராகிய சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் மிஷன் கல்வி பெற்றவரே. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். எமது ஊரின் நீர்வழிகளோ ஏட்டிலும் எழுதப்படவில்லை. எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போனது, எது மதிலுக்குள் மறைந்தது என்பவை உங்களுள் சிலரின் நினைவில் மாத்திரமே உள்ளன.

ஆதலால் பெரியோர்களே, வருகிற புரட்டாதியில், மழைக்கு முன்னர், ஒரு ஞாயிறு காலை எம்மோடு நடந்து வாருங்கள். நீங்கள் இடத்தைக் காட்டுங்கள். மண்வெட்டியும் வரைபடத் தாளும் நாம் கொண்டு வருகிறோம்.