படு என்னும் வினை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது செயலாளர் சற்றுத் தயங்கினார். விழாவுக்கு வருகிறவர்கள் சங்க இலக்கியம், புதுக்கவிதை என்று ஏதேனும் எதிர்பார்ப்பார்களே என்றார். என் தலைப்புக்குக் காரணம் இந்த வட்டமேதான். சில மாதங்களுக்கு முன் மொழிபெயர்ப்புக் கவிதைகளை வாசித்துக்கொண்டிருந்தபோது, இளங்கவிஞர் ஒருவர் எழுந்து, ஆங்கிலத்தில் உள்ள 'கெட்' என்னும் வினைக்குத் தமிழ் என்ன என்று கேட்டார். பெறு என்றார் ஒருவர். வாங்கு என்றார் இன்னொருவர். அடை, ஆகு, எழு, போய்ச்சேர், புரிந்துகொள் என்று ஆளுக்கொன்று சொன்னோம். எல்லாம் சரியாகவும் இருந்தன, எதுவும் போதாமலும் இருந்தது. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அன்றிரவு அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்த்தேன். 'கெட்' ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை அன்று. வடகடலைத் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கைப்பற்றுதல், அடைதல் என்று பொருள். அதன் உறவுச் சொல் ஒன்று ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒட்டுச்சொற்களுக்குள் ஒளிந்திருந்தது. மறத்தலைக் குறிக்கும் 'ஃபர்கெட்' என்பதில் இருப்பது அதுதான். கையில் பிடித்ததை நழுவவிடுவது மறதி! அகராதிக்காரர் சில வேளை கவிஞரையும் மிஞ்சிவிடுகிறார். ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. ஆங்கிலேயர் ஒருவன் கொல்லப்பட்டான் என்பதையும் இதே 'கெட்' கொண்டு சொல்வர். கொலையை அவன் 'பெற்றான்'. கொன்றவன் அந்தத் தொடரில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

உடனே எனக்கு நம் 'படு' நினைவுக்கு வந்தது.

ஓடுதலைக் குறிக்கும் 'ரன்' என்ற வினை ஒன்றுக்கே ஆக்ஸ்போர்டு அகராதியாளர்கள் 645 பொருள் பிரித்ததாக 2011இல் செய்தி வந்தது. நாம் எண்ணிக்கையில் போட்டியிட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 'படு' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். விழுதல், தோன்றுதல், மறைதல், கிட்டுதல், அகப்படுதல், ஒலித்தல், துன்புறுதல், சாதல் என்று போய்க்கொண்டே இருக்கும். தோன்றுவதும் மறைவதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஞாயிறு பட்டால் மறைவு. கண்ணில் பட்டால் தோற்றம். மீன் வலையில் படும், உப்பு பாத்தியில் படும், முரசு அடிக்க அடிக்கப் படும், மரம் நீரின்றிப் பட்டுப்போகும். இவை அனைத்துக்கும் அடியில் ஒரு படம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று எங்கிருந்தோ வந்து மற்றொன்றின்மேல் விழுந்து பொருந்துகிறது. ஒளி கண்ணில் விழுவது போல, கோல் முரசில் விழுவது போல. மொழிநூலார் வேறு வகையாகப் பிரிக்கலாம். வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லிவருகிறேன்.

சொல் நம்முடையது மட்டும் அன்று. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இதன் உடன்பிறப்புகள் வரிசையாக நிற்கின்றன. தெலுங்கில் 'படு' என்றால் விழு. கன்னடத்தில் மேற்குத் திசைக்குப் 'படுவண' என்று பெயர். கதிரவன் படுகின்ற பக்கம். தொல்காப்பியர் நெய்தலுக்குச் சொன்ன எற்பாடு என்னும் பொழுதிலும் இந்தப் பாடுதான் இருக்கிறது.

என் சிற்றூரிலிருந்து பார்த்தால் மலை ஒரு விரல் உயரம் தெரியும். கார்த்திகைத் தீபத்தன்று அம்மா மாலையிலிருந்தே வாசலில் நின்றுகொண்டிருப்பார். 2,668 அடி உயரத்து உச்சியில் ஏற்றுகிற தீபம் எங்களுக்கு ஒரு புள்ளி. "பாத்தியா" என்று அவர் கேட்டதே இல்லை, "கண்ணுல பட்டுதாடி?" என்றுதான் கேட்பார். நான் பார்ப்பது பெரிதில்லை, அது வந்து என் கண்ணில் பட வேண்டும். அதே அம்மா, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் "கண்ணு பட்டுடுச்சி" என்று மிளகாய் சுற்றிப் போடுவார். கண்ணில் பட்டால் தரிசனம். கண் பட்டால் திருஷ்டி. ஒரு வேற்றுமை உருபு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில் எவ்வளவு தொலைவு பாருங்கள்.

இனி நம் மாவட்டத்துக் கற்களுக்கு வருகிறேன். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது, இரா. நாகசாமி பதிப்பித்தார். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து வட்டெழுத்துக் கற்கள் அதில் பல உள்ளன. ஆநிரையைக் கவர வந்தவர்களோடும், மீட்கப் போனபோதும் பொருது இறந்தவர்களுக்காக ஊரார் நட்டவை. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வினைமுற்று 'பட்டான்'. செத்தான் என்றோ, கொல்லப்பட்டான் என்றோ கூறாமல் பட்டான் என்று மட்டும் பொறித்தார்கள்.

எடுத்தனூர்க் கல் அவற்றுள் ஒன்று. மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளின் பொருட்டுப் பட்டான் என்கிறது. அவன் யாருடைய ஆள், அப்போது ஆண்ட அரசன் யார் என்பதெல்லாம் இருக்கின்றன. கூடவே ஒரு நாயின் பெயரும் இருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். அதன் உருவமும் வீரனுக்கு அருகில் செதுக்கப்பட்டுள்ளது. வினைகளைக் கவனியுங்கள். மனிதன் பட்டான், நாய் கடித்தது, காத்தது. கருந்தேவகத்தியைக் கொன்றவன் பெயர் மட்டும் கல்லில் இல்லை. கள்வனுக்குக் கல்லில் இடம் எதற்கு என்று ஊரார் எண்ணியிருக்க வேண்டும். 'படு' என்னும் வினை அங்கே கொன்றவனை மறைக்கிறது. பட்டவனை, அவன் எருமையை, அவன் நாயைக்கூட, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் காக்கிறது.

இலக்கணத்துக்குப் போவோம். கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு உண்மையான செயப்பாட்டு வினை கிடையாது என்று எழுதினார். வேறொரு துணைவினையைச் சேர்த்துத்தான் நாம் சமாளிக்கிறோம் என்பது அவர் கருத்து. சமாளிக்கும் விதமும் அழகுதான். அடிபட்டான் என்போம், அடியுண்டான் என்போம், அடி ஏதோ உணவு என்பது போல. தெருவில் அடி வாங்கினான் என்கிறார்கள், கடையில் வாங்கியது போல. மேடையில் இருப்பவர்கள் நூல் வெளியிடப்பெற்றது என்பார்கள். நன்மைக்குப் 'பெறு', தீமைக்குப் 'படு' என்று சில தமிழாசிரியர்கள் வகுத்துவைத்திருக்கிறார்கள். இது வீண் நுட்பம் என்று நான் முன்பு நகைத்ததுண்டு. வியத்நாமிய மொழியில் தீயது நேர்ந்தால் ஒரு துணைச்சொல், நல்லது நேர்ந்தால் வேறொரு துணைச்சொல் என்று படித்தபின் நகைப்பதை விட்டேன்.

தொல்காப்பியர் சொல்லதிகார வினையியலில், செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்று இடம் கொடுக்கிறார். உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகள் இரண்டு. திண்ணை தானே மெழுகிக்கொண்டது போலச் சொல்வது ஒன்று. பாத்திரம் தானே கழுவிக்கொண்டது போலச் சொல்வது மற்றொன்று. முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது நான் குறிப்பெடுத்துக்கொண்டு போய்விட்டேன். பதினைந்து ஆண்டுகள் பாடம் சொன்ன பிறகு ஒருநாள், வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. எத்தனையோ தொழில்கள் இருக்க, செய்தவரைச் சொல்லாமல் விடுவதற்கு உரையாசிரியர்களுக்கு அகப்பட்டவை இந்த இரண்டும்தாமா? திண்ணையை மெழுகியவள் யார், கலத்தைக் கழுவியவள் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் அவை அவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டுகள் ஆயின. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வழக்கில் இருந்ததைத்தான் காட்டினார்கள். நன்னூலாரோ வினை உணர்த்தும் ஆறனுள் செய்பவனையே முதலில் வைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நானும் இந்த வினைக்குப் பின்னால் ஒளிந்தவள்தான். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் 'நான் கருதுகிறேன்' என்று எழுதிய இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் 'கருதப்படுகிறது' என்று திருத்தி வந்தது. யாரால் கருதப்படுகிறது என்று கேட்க அன்று துணிவு இல்லை. நானூறு பக்கங்களில் ஒரு இடத்திலும் நான் இல்லாமல் பட்டம் வாங்கினேன். வழங்கப்பட்டது என்று சொல்லவேண்டுமோ என்னவோ.

இதை வேடிக்கையாகச் சொல்லிவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

பள்ளியில் என் பக்கத்தில் அமர்ந்து படித்த ஒருத்தி, திருமணமாகி இரண்டாம் ஆண்டில் இறந்துபோனாள். ஊரில் எல்லாரும் சொன்ன தொடர் ஒன்றுதான்: "தீப்பட்டுச் செத்துப்போனாள்." அவள் தாயும் அப்படியே சொன்னார். அடுத்த வாரம் நாளிதழில் மூன்று வரி வந்தது. இளம்பெண் தீயில் கருகிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும், சிகிச்சை அளிக்கப்பட்டதாகவும், விசாரணை நடத்தப்பட்டு வருவதாகவும் அதில் இருந்தது. மூன்று வரியில் மூன்று 'படு'. அவள் பெயரும் அதில் இல்லை. அடுப்பு வெடித்ததா, அவளே ஊற்றிக்கொண்டாளா, வேறு யாருமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத ஒன்றை நான் இங்கே குற்றமாகச் சுமத்த வரவில்லை. ஆனால் தெரியாது என்பதைக்கூட அந்தத் தொடர் சொல்லவில்லை. 'தீப்பட்டது' என்றவுடன் கேள்வி முடிந்துவிட்டது போல எல்லாரும் எழுந்து போனோம். நானும் போனேன்.

எடுத்தனூர்க் கல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வருகிறது. வினை ஒன்றுதான். அங்கே எருமை மேய்த்தவனுக்குப் பெயர் நின்றது, நாய்க்கும் நின்றது.

இத்தனை சொன்னதால் 'படு' கூடாத சொல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செயப்பாட்டு வினையை விலக்கி எழுதுங்கள் என்று சொல்லும் நடைக் கையேடுகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆசைப்படு, கவலைப்படு, வெட்கப்படு என்று நம் மனத்தின் பாதி வினைகள் இதை நம்பித்தான் இருக்கின்றன. ஆட்படுதல் என்ற சொல்லை நம் பக்திக் கவிஞர்களிடமிருந்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அங்கே படுகிறவர் தாமே விரும்பிப் படுகிறார். அனுபவத்துக்குத் தனித்தமிழார் தந்த பட்டறிவு எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம். பாடுபடுதல் என்பதில் துன்பமும் உழைப்பும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. அரிசிப் பானைக்குள் அம்மா போட்டுவைத்த சிறுவாட்டுப் பணம்கூடச் சிறுபாடுதான். சிறுகச் சிறுகப் பட்டுச் சேர்த்தது. அந்தப் பணத்தில்தான் எனக்கு முதல் கல்லூரிக் கட்டணம் கட்டினார். இது மட்டும் 'கட்டப்பட்டது' அன்று, அவர் கட்டினார்.

நான் கேட்பது ஒன்றே. வட்டத்தில் வாசிக்கப்படும் கவிதைகளில் அண்மைக் காலமாக ஒரு தொடர் அடிக்கடி காதில் படுகிறது. கனவுகள் எரிக்கப்படுகின்றன, சிறகுகள் வெட்டப்படுகின்றன, குரல்கள் நெரிக்கப்படுகின்றன. கேட்கும்போது சினம் வருகிறது. வீட்டுக்குப் போகும் வழியில் யார் மேல் என்று தெரியாமல் ஆறிப்போகிறது. வெட்டியவரைக் கவிஞர் தேடிப் பார்த்தாரா, பார்த்தும் சொல்ல அஞ்சினாரா, கள்வனுக்குக் கல்லில் இடமில்லை என்று வேண்டுமென்றே விட்டாரா? மூன்றும் வெவ்வேறு கவிதைகள். எது என்று கவிஞருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆண்டுதோறும் முதலாண்டு மாணவியருக்கு ஒரு பயிற்சி தருவேன். செயப்பாட்டுத் தொடர்கள் பத்தைக் கொடுத்துச் செய்வினையாக மாற்றச் சொல்வது. திண்ணை மெழுகப்பட்டது என்பதை எல்லாரும் எளிதில் மாற்றிவிடுவர். அம்மா மெழுகினாள், பாட்டி மெழுகினாள். ஓராண்டு, பத்தாவது தொடராக நாளிதழிலிருந்து ஒன்றைச் சேர்த்தேன்: இளம்பெண் எரிக்கப்பட்டாள். பலர் 'தீ இளம்பெண்ணை எரித்தது' என்று எழுதித் தந்தனர். இலக்கணப்படி பிழை சொல்ல முடியாது. ஒரு மாணவி மட்டும் எழுவாய் வரவேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதற்குப் பின் 'இளம்பெண்ணை எரித்தார்' என்று எழுதியிருந்தாள். கோட்டின் கீழே சிறிய எழுத்தில், "இவ்விடம் காலியாக இல்லை அம்மா" என்று இருந்தது.

அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.