உட்புகும் மயிர்

மிகச் சிறிய தொல்லை ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிறிதுதான், ஆயினும் என் கல்லூரி நாட்களில் ஓராண்டுக் காலம் கண்ணாடியின் முன் நிற்கவே என்னைக் கூச வைத்தது அது.

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றை ஒட்டி இருக்கிறது பழனிசெட்டிபட்டி. அங்கே தங்கிப் படித்தபோது என் தாடையின் கீழ்ப்புறம் செந்நிறக் கொப்புளங்கள் எழுந்தன. முகப்பரு என்று எண்ணி நகத்தால் கிள்ளினேன், சாமணத்தால் பிடுங்கினேன், மறைப்பதற்காக நாள்தோறும் அழுத்தி மழித்தேன். கொப்புளங்கள் பெருகின. முடிதிருத்தும் கடைப் பெரியவர் ஒருவர் என் முகத்தை வெளிச்சத்திற்குத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது பரு இல்லை, முடி உள்ளே போயிருக்கு. ஒரு மாசம் பிளேடைத் தொடாதீங்க" என்றார். பிறகு தம் கையை விரித்துக் காட்டினார். விரலிடுக்கில் ஒரு சிறு துளை! வெட்டி விழுந்த பிறர் மயிர் குத்திக் குத்தி உண்டானது அது. இத்தொழில் செய்வோர்க்கு வரக்கூடிய நோய்தான் என்று பின்னர் அறிந்தேன்.

வெட்டுண்ட மயிரின் நுனி ஈட்டி போன்றது. தோலை இழுத்துப் பிடித்து மழித்தால், கையை எடுத்தவுடன் அந்நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. வளரும்போது வெளிவழி காணாமல் பக்கத்துத் தோலைத் துளைக்கிறது. சுருட்டை மயிராயின், வெளியே வந்த பின்னும் வளைந்து மீண்டும் தோலுக்குள் புகும். உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதிப் போரிடுகிறது. அந்தப் போரே நாம் காணும் வீக்கமும் சிவப்பும்.

நம் பள்ளத்தாக்கில் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தகைய வண்டிகளில் குலுங்கிச் சென்ற அமெரிக்க வீரர் பலருக்கு, வால் எலும்பின் அருகே மயிர் புகுந்து சீழ்க்கட்டி உண்டாயிற்று. 1944-இல் பூயி என்ற மருத்துவர் அதற்கு 'ஜீப் நோய்' என்றே பெயர் சூட்டினார். ஒற்றை மயிர் ஒரு படைவீரனைப் படுக்கையில் கிடத்திவிடும்!

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. பெரியவர் சொன்னதே முதல் மருந்து: மழிப்பதை நான்கு வாரம் நிறுத்துங்கள். மயிர் நீள நீள, புதைந்த நுனி பெரும்பாலும் தானே விடுபட்டு வெளிவரும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், சூடு பொறுக்கும் அளவில், பத்து நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். வளைந்த மயிர் மேலே தெரிந்தால், கொதிநீரில் இட்டு எடுத்த ஊசியால் நுனியை மட்டும் நெம்பி விடலாம். பிடுங்கவே கூடாது, பிடுங்கிய மயிர் மீண்டும் முளைக்கையில் முன்போலவே குத்தும்.

பின்னர் மழிக்கத் தொடங்கும்போது, குளித்து முடித்து மயிர் ஊறியிருக்கும் வேளையே ஏற்றது. நுரை தடவி, கூரிய புதுப் பிளேடால், மயிர் வளரும் போக்கிலேயே மழியுங்கள். தோலை இழுக்காதீர்கள், ஓடிய இடத்திலேயே மீண்டும் மீண்டும் ஓட்டாதீர்கள். கன்னம் பளிங்குபோல் வழுவழுப்பாக இருக்கவேண்டும் என்ற ஆசைதான் இத்தொல்லைக்கெல்லாம் வேர். சற்றே சொரசொரப்பு இருக்கட்டுமே! மின்கருவியால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது இன்னும் நன்று. கை கால்களில் மயிர் நீக்கும் மாணவியர்க்கும் இவை பொருந்தும். ஒருவர் பிளேடை மற்றவர் தொடுவது விடுதிகளில் நான் கண்ட கெட்ட வழக்கம்.

கடையில் பெயர் சொல்லி வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நாட்பட அது தோலை மெலியச் செய்யும். சீழ் பிடித்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, நீரிழிவு உள்ளவர்க்கு வந்தாலோ, ஊசியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை.

பெரியவர் சொன்ன ஒரு மாதம் முடிவதற்குள் என் கொப்புளங்கள் அடங்கின. சாமணம் பட்ட மூன்று இடங்களில் மட்டும் கருந்தழும்பு இன்னும் இருக்கிறது.