செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை



திருத்தணி மலைமேல் தரிசனம் முடித்து வந்தவரின் கார் கிளம்ப மறுத்தால், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். பேட்டரி போயிருக்கும் என்பார் ஒருவர். பெட்ரோல் பம்ப் என்பார் இன்னொருவர். இறக்கம்தானே, உருட்டிவிட்டு இரண்டாவது கியரில் விடுங்கள், பிடித்துக்கொள்ளும் என்பார் மூன்றாமவர். அடிவாரத்திலிருந்து வரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் நல்ல கைக்காரராக இருந்தால் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார். "சாவியப் போட்டு ஒரு தடவ திருப்புங்க சார்" என்பார். காதைச் செல்ஃபுக்குக் கொடுத்து, கண்ணை மீட்டர் போர்டில் வைப்பார். அந்தச் சில விநாடிகளில் நடக்கும் வேலையை ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன்.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கலைக்குத் தேவை இருக்கவில்லை. செல்ஃப் மக்கர் செய்தால் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றலாம். காற்றும் பெட்ரோலும் தீப்பொறியும் கிடைத்துவிட்டால் எஞ்சின் ஓடியே தீரும். சுற்றுவது யார் என்று கேட்காது. ஐரோப்பாவில் 1990களில் கார் திருட்டு பெருகியபோதுதான் நிலைமை மாறியது. 1998 அக்டோபர் முதல் அங்கே புதிய கார்களில், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத இம்மொபிலைசர் கட்டாயமானது. நம் ஊரில் மாருதி கார்களில் 'ஐகேட்ஸ்' என்ற பெயரில் பலருக்கு அறிமுகமானதும் இதே ஏற்பாடுதான்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் விரல் நகத்தைவிடச் சிறிய சிப் ஒன்று இருக்கிறது. அதற்கென்று பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று ஒளிந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள், பெரும்பாலான வண்டிகளில் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில், காந்தப்புலத்தை எழுப்பும். அதிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். பின்னால் வந்த வகைகளில் வண்டி ஓர் எண்ணைக் கொடுத்துக் கேள்வி கேட்கும். சிப் தன் ரகசியக் கணக்கைப் போட்டு விடை தரும். விடை சரியாக இருந்தால்தான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் எரிபொருளைத் திறந்துவிடும்.

ஆகவே இன்று ஒரு வண்டி கிளம்பவில்லை என்றால், முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்றுதான். எஞ்சினால் ஓட முடியவில்லையா, முடிந்தும் ஓட மறுக்கிறதா? இதைப் பிரிக்கத் தெரியாதவர்கள்தான் பம்பை மாற்றுகிறார்கள், செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள்.

மறுப்புக்கென்று சில அடையாளங்கள் உண்டு. செல்ஃப் தெம்பாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. அல்லது பிடித்த ஒன்றிரண்டு விநாடியில் அணைந்துவிடும். மீட்டர் போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு, அணைய வேண்டிய நேரத்தில் அணையாமல் மின்னிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் இம்மொபிலைசர் செல்ஃபையே சுற்ற விடாது என்பதால் குழப்பம் கூடும். அங்கேதான் மல்டிமீட்டர் வெளியே வரும். நல்ல பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது பத்துக்குக் கீழே சரிந்து, விளக்கும் மங்கி, 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வந்தால் சாவியைக் குறை சொல்லக் கூடாது. மின்னழுத்தம் சரிந்தால் நல்ல சாவியைக்கூட வண்டி தவறாகப் படிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் பேட்டரியைத் தீர்த்துக்கொண்ட பிறகே சாவிக்கு வருகிறார்கள்.

அடுத்து ஒரு விசாரணை நடக்கும். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றும் ஆந்திரத்தின் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. தமிழிலும் தெலுங்கிலும் கேட்கத் தெரிந்தவருக்கு இங்கே பாதி வேலை பேச்சிலேயே முடிந்துவிடும். சமீபத்தில் சாவி ஓடு மாற்றினீர்களா? இந்தக் கேள்விக்குத்தான் முதலிடம் தருவேன். உடைந்த ஓட்டுக்குப் பதிலாகப் புது ஓடு போட்ட கடைக்காரர், பழைய ஓட்டிலிருந்து சிப்பை எடுத்து வைக்க மறந்திருப்பார். சாவி கதவைத் திறக்கும், துவாரத்தில் திரும்பும், வண்டி மட்டும் பிடிக்காது.

சாவிக் கொத்தையும் பார்க்க வேண்டும். கனமான பித்தளை வேல் ஒன்று சாவித் தலையோடு ஒட்டித் தொங்கினால் சுருளின் புலத்தைக் கலைக்கலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டியின் சாவியை அர்ச்சனைத் தட்டில் வைத்து வாங்கியிருந்தால், சந்தன ஈரம் இடுக்கில் இறங்கியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பது நல்லது. ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோனால் பலர் பதறிவிடுகிறார்கள். பல வண்டிகளில் அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினாலே கிளம்பிவிடும். சிப் அப்போதும் உயிரோடுதான் இருக்கிறது.

ஸ்கேனரை நான் குறைத்துப் பேசவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் பி 0513 என்று, அதாவது சாவி பொருந்தவில்லை என்று, சொல்லிவிடும். ஏன் பொருந்தவில்லை என்பதை அது சொல்லாது. சிப் இல்லையா, சுருள் அறுந்ததா, எலி வயரைக் கடித்ததா என்பதை ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும். குறியீட்டைப் பார்த்த உடனே இசிஎம்மை மாற்றச் சொல்பவர் பாதி வழியில் நின்றுவிட்டவர். இம்மொபிலைசரையே நீக்கித் தருகிறேன் என்பவரிடம் நான் வண்டியை விட மாட்டேன். அவர் நோயைத் தீர்க்கவில்லை, காவலைக் கழற்றிவிடுகிறார்.

எதையும் மாற்றாமல், பத்தே நிமிடத்தில், கொத்திலிருந்த ஒரு சாவியைப் பிரித்து வண்டியைக் கிளப்பித் தருபவரிடம் நாம் பேரம் பேசுகிறோம். என்ன செய்துவிட்டார் என்று கேட்கிறோம். ஆயிரக்கணக்கில் நமக்கு மிச்சமான செலவுதான் அவர் செய்தது. கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டும்.

உருட்டிவிடச் சொன்ன மூன்றாமவரின் யோசனைக்கு வருகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. இம்மொபிலைசர் மறுத்த வண்டி மலைப்பாதையில் எவ்வளவு தூரம் உருண்டாலும் பிடிக்காது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்கின் உதவி இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கனத்துவிடும், சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டியும் கொள்ளலாம். தயவுசெய்து உருட்டாதீர்கள்.

அதற்குப் பதில் எலக்ட்ரீஷியன் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்விக்குத் தயாராக வாருங்கள்: "இன்னொரு சாவி இருக்கா?" அதில் கிளம்பினால் குற்றம் முதல் சாவியில். இரண்டிலும் கிளம்பாவிட்டால் சுருள், ஃப்யூஸ், வயரிங் என்று தேட வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனை, இரண்டாவது சாவி வீட்டு பீரோவில் இருப்பதால் மலையில் நடக்காமல் போகிறது. எடுத்து வாருங்கள், ஆனால் அதே கொத்தில் கோக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிப்புகளும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் வண்டி இரண்டையுமே ஏற்காமல் போகலாம். கூட வருபவரின் பையில் இருக்கட்டும்.