பொட்டலம் போகிற பாதை
(லாயாங் லாயாங்கில் நடந்த பெற்றோர் சந்திப்பில் பேசியது)



போதைப்பொருள் கடத்தல் என்றாலே தோட்டத்தில் ஒரு கதை சொல்வார்கள். நடுராத்திரி படகு, காட்டுப் பாதை, துப்பாக்கி ஏந்திய கும்பல். பாதிக் கதை சினிமாவில் பார்த்தது. மியன்மாரில் தயாராகும் சரக்கு தாய்லாந்து வழியாக மலேசியாவுக்குள் இறங்குவது உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகள் பிடிபட்ட இடம் காடு இல்லை. விடிகாலையில் ஆயிரக்கணக்கானோர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஜொகூர் பாலமும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியும்தான்.

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரலில் அங்கேதான் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. அவருடைய ஐ.கியூ. 69. உலகமே கேட்டும் பயனில்லை. 2022 ஏப்ரல் 27-இல் தூக்கிலிட்டார்கள்.

"கொஞ்சம்தானே, அதற்கெல்லாம் தூக்கு வராது" என்பார்கள். சிங்கப்பூரில் 15 கிராம் சுத்த ஹெராயினைத் தாண்டினாலே தூக்கு. அது நாலு தேக்கரண்டி சீனியின் எடை, அவ்வளவுதான்.

"உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம்." இதுதான் அதிகம் பேரைக் கவிழ்த்த பேச்சு. பொருள் உன்னிடம் இருந்தால் உனக்குத் தெரியும் என்றே அங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதைப் பையன்தான் நிரூபிக்க வேண்டும். 2014-இல் 51.84 கிராமோடு பிடிபட்ட பன்னீர் செல்வம் பரந்தாமன் அப்படித்தான் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. கொடுத்தவனைப் பற்றியும் தகவல் சொன்னார். அவர் வெறும் சுமந்து வந்தவர் என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர் உதவினார் என்று அரசுத்தரப்பு சான்றிதழ் தந்தால்தான் ஆயுள் தண்டனைக்கு வழி உண்டு. தரவில்லை. 2025 அக்டோபர் 8-இல் தூக்கு. பொட்டலம் கொடுத்து அனுப்புகிறவன் பாலத்துப் பக்கமே வருவதில்லை, பாருங்கள்.

நம் நாட்டில் தூக்கை எடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு 2023-இல் எடுத்தது கட்டாயத் தூக்கை மட்டும்தான். 39பி பிரிவில் நீதிபதி இன்றும் தூக்கு கொடுக்கலாம்.

இன்னொன்று, இரவல் மோட்டார். வண்டிக்குள் போதைப்பொருள் இருந்தால் அந்த நேரத்தில் அதை வைத்திருப்பவர் மேலும் சிங்கப்பூர் சட்டம் சந்தேகம் வைக்கும். கூட்டாளியின் வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டுகிற பையன் வீட்டில் இருந்தால், சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு சாவியைப் போடச் சொல்லுங்கள்.