கையில் உள்ள பணத்துக்குள் ஒரு வீடு

(ஜமாஅத் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு கட்டியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் கட்டப்போகிறவர்களுக்கு உதவும் என்று அறக்கட்டளையினர் எங்களை அழைத்தார்கள். நாங்கள் பொறியாளர்கள் அல்ல. 28 ஆண்டுகள் குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, ஓய்வுப் பணத்தை நம்பி வீடு தொடங்கி, லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து, ஏழு மாதம் வேலை நின்றுபோன குடும்பம். எங்கள் தவறுகளைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

டவுன்ஷிப்பில் வாழ்ந்த நமக்கு வீட்டுச் செலவு என்றால் என்னவென்றே தெரியாது. குழாய் ஒழுகினால் புகார் எழுதுவோம், ஆள் வருவார். ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். அப்போதுதான் இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம், வடலூர் என்று மனை தேடி அலைகிறோம். கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் மொத்தமாகக் கையில் இருக்கும். அவ்வளவு பணத்தை ஒரே நேரத்தில் பார்த்துப் பழக்கமில்லாத மனசு, எல்லாவற்றுக்கும் அது போதும் என்று நினைத்துவிடும்.

முதலில் மனை. பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றை எல்லா ஊரிலும் பார்ப்பார்கள். நம் பகுதியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த சர்வே எண் சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தும் அறிவிப்பில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டியதை நாம் மறக்க முடியாது. விலை மலிவு என்று வாங்கிய மனையில் வீடே கட்ட முடியாமல் போனால் அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

அடுத்து கணக்கு. மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், ஹஜ் என்று எதற்கு எவ்வளவு வேண்டுமோ அதை முதலில் தனியே எடுத்து வையுங்கள். மீதிதான் வீட்டுக்கு. அந்த மீதியிலும் பத்தில் ஒரு பங்கைக் கடைசி வரை தொடாதீர்கள். போர் தண்ணீர், மின் இணைப்பு, காம்பவுண்டு சுவர் எல்லாம் முடிவில்தான் வந்து நிற்கும்.

நாங்கள் இதைச் செய்யவில்லை. 900 சதுர அடிக்குத்தான் பிளான் போட்டோம். அஸ்திவாரம் தோண்டும் நேரத்தில் வந்த உறவினர்கள், "வாழ்நாளில் ஒரு தடவைதானே கட்டுறீங்க" என்றார்கள். போர்டிகோ சேர்ந்தது, ஓர் அறை சேர்ந்தது, வீடு 1,150 சதுர அடி ஆனது. கூடுதல் இடம் என்றால் தரை மட்டும் அல்ல. சுவர், கம்பி, தளம், பூச்சு, டைல்ஸ், பெயின்ட் எல்லாம் சேர்ந்தே கூடும். லிண்டல் போட்டதும் பணம் நின்றது.

வட்டிக்குத் தருகிறோம் என்று ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். வட்டி ஹராம் என்று தெரிந்த நாங்களே இரண்டு இரவு தடுமாறினோம் என்பதை மறைக்கவில்லை. கடைசியில் மகளுக்கென்று சேர்த்த பதினொரு பவுனில் ஆறு பவுனை விற்றோம். மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. குறைந்த தொகைக்கு அறக்கட்டளை அழகிய கடன் கொடுத்தது. அதில்தான் தளம் ஏறியது, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது. நாங்களோ நமக்குத் தெரிந்தவர்தானே என்று மேஸ்திரியிடம் வாய்ப்பேச்சோடு விட்டோம். பிறகு எது லேபர் கணக்கு, எது எக்ஸ்ட்ரா என்று மனஸ்தாபம் வந்தது. பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு, முடிவு என்று கட்டம் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே பணம் கொடுங்கள். பிளானை மாற்றினால் அதன் செலவையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்? நம் ஊரில் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. சாம்பல் கல் அளவு பிசகாமல் இருப்பதால் பூச்சுக்குக் கலவை குறைவாகப் பிடிக்கும், பக்கத்தில் வாங்கினால் லாரி வாடகையும் குறையும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர், செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், வெயிலும் உள்ளே குறையும். ஆனால் அந்த வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். அலமாரி, ஃபால்ஸ் சீலிங், எலிவேஷன் அலங்காரம் எல்லாம் பிறகு செய்துகொள்ளலாம்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது? அஸ்திவாரம், கம்பி, தளம், மின் ஒயர். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைக் கண்டவர்கள் நாம். கான்கிரீட் போட்ட பின் குறைந்தது ஏழு நாள், பி.பி.சி. சிமென்ட் என்றால் பத்து நாள், ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை, கவனம்தான் வேண்டும்.

அரசு வழிகளையும் விசாரியுங்கள். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி பெறலாம். கிராமங்களில் குடிசையில் வாழும் குடும்பங்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். நம் ஜமாஅத்தில் தகுதியுள்ளவர்கள் ஊராட்சியில் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் கணக்கு நோட்டை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். எதற்கு எவ்வளவு ஆனது, எங்கே தவறினோம் எல்லாம் அதில் இருக்கிறது. மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். நாங்கள் திருப்பித் தரும் கடன் தவணையில்தான் அடுத்த குடும்பத்துக்குத் தளம் ஏற வேண்டும். அதை நாங்கள் தவறாமல் கட்டி முடிக்க துஆ செய்யுங்கள்.

வட்டியில்லாத, கடன் சுமையில்லாத வீட்டில் நிம்மதியாகத் தொழுது வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.